சிங்கிள்-எண்டட் சிக்னலை டிஃபரென்ஷியலாக மாற்றுவது எப்படி? தொடக்கநிலையாளர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மின்னணுவியலில் புதிதாக நுழைந்து, ஆப்-ஆம்ப் ஒன்றிரண்டை பிரெட்போர்டில் வைத்துப் பார்த்தவர்களை மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஓம் விதியும் இன்வெர்ட்டிங் பெருக்கியும் தெரிந்திருந்தால் போதுமானது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒலிச் சிக்னலைச் சார்ந்தவை. சென்சாரும் டிஜிட்டல் சிக்னலும் தேவையான இடங்களில் மட்டும் வருகின்றன.

இந்த இரண்டு வகைச் சிக்னல்களுக்கும் என்ன வேறுபாடு?

ஒரே கம்பியில் வரும் மின்னழுத்தத்தைக் கிரவுண்டுடன் ஒப்பிட்டு அளந்தால் அது சிங்கிள்-எண்டட் சிக்னல். மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில் கிடைப்பது இந்த வகைதான். எல்.எம்.35 வெப்பநிலை சென்சார் 30 டிகிரி செல்சியஸில் தரும் 300 மில்லிவோல்ட்டும் இதே வகையே. இங்கே கிரவுண்டு இரண்டு வேலைகளைப் பார்க்கிறது: மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையாகவும் இருக்கிறது, அளவிடுவதற்கான சுழியமாகவும் இருக்கிறது. சிக்கல் அனைத்தும் இந்த இரட்டை வேலையில்தான் பிறக்கிறது.

டிஃபரென்ஷியல் சிக்னலில் இரண்டு கம்பிகள் உண்டு. பெறும் முனை அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்ளும். முதல் கம்பி 3.0 வோல்ட்டிலும் இரண்டாவது 2.0 வோல்ட்டிலும் இருந்தால் சிக்னல் 1 வோல்ட். இரண்டின் சராசரியான 2.5 வோல்ட்டைப் பொது மின்னழுத்தம் என்கிறோம். வழியில் எங்கோ ஒட்டிக்கொண்ட இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் உயர்த்தி 3.4, 2.4 என்று ஆக்கினாலும் வேறுபாடு அதே 1 வோல்ட்டாகவே இருக்கும்.

சிங்கிள்-எண்டட் நன்றாகத்தானே வேலை செய்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

ஒரே பலகைக்குள், ஒரு சாண் தூரத்துக்குள் என்றால் மாற்றவே வேண்டாம். தேவையில்லாத இடத்தில் டிஃபரென்ஷியலைப் புகுத்துவது இரண்டு மடங்கு பாகங்களைச் சாலிடர் செய்யும் வேலையைத் தவிர வேறொன்றும் தராது.

தூரம் கூடும்போது கதை மாறுகிறது. உறவினர் திருமணம் ஒன்றில், மேடையருகே இருந்த மடிக்கணினியிலிருந்து மண்டபத்தின் பின்பக்கம் இருந்த மிக்சர் வரை ஏறத்தாழ 25 மீட்டருக்குச் சாதாரண ஆடியோ கேபிளை இழுத்திருந்தார்கள். நாதஸ்வரப் பதிவை ஓடவிட்டால் அதற்கு அடியில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது. செருகியதும் திரும்ப வந்தது. மடிக்கணினி ஒரு பிளக்கிலிருந்தும் மிக்சர் வேறொரு பிளக்கிலிருந்தும் எர்த் பெற்றன. அந்த இரண்டு எர்த் புள்ளிகளுக்கிடையே இருந்த சிறு மின்னழுத்த வேறுபாடு கேபிளின் கவசக் கம்பி வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை ஓட்டியது. கவசக் கம்பிக்கும் மின்தடை உண்டு. ஆகவே அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கவில்லை. மிக்சர் எதைச் சுழியம் என்று நம்பியதோ அதுவே ஆடிக்கொண்டிருந்தது. மிக்சர்காரர் தம் பெட்டியிலிருந்து மின்மாற்றி வைத்த டி.ஐ. பாக்ஸ் (சிங்கிள்-எண்டட் சிக்னலை டிஃபரென்ஷியலாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்றை எடுத்து மடிக்கணினியின் பக்கத்தில் மாட்டி, அங்கிருந்து மைக் கேபிளில் சிக்னலை அனுப்பிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

இது புதிய பாடமும் அல்ல. தொடக்ககாலத் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பியையும், திரும்பும் பாதையாகப் பூமியையும் பயன்படுத்தின. மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கியதும் அவற்றின் மின்னோட்டம் பூமி வழியே தொலைபேசிக்குள் புகுந்து கொண்டது. முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். தொலைபேசி நிறுவனங்களும் படிப்படியாக இரட்டைக் கம்பிக்கு மாறின.

ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சிக்னல்கள் இருந்தால்தானே டிஃபரென்ஷியல்?

பெரும்பாலான அறிமுகப் படங்களில் மேலே ஓர் அலையும் கீழே தலைகீழான அலையும் வரைந்திருப்பார்கள். அதைப் பார்ப்பவர், இரைச்சல் நீங்குவதற்குக் காரணம் அந்தத் தலைகீழ் அலையே என்று எண்ணிவிடுவது இயல்பு. உண்மையில் இரைச்சலை நீக்குவது வேறொன்று: இரண்டு கம்பிகளும் கிரவுண்டை நோக்கிக் காட்டும் மின்எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) சமமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் இப்பக்கத்தில் மீதமுள்ள எல்லா விடைகளையும் நீங்களே ஊகித்துவிடலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பெறும் முனையில், ஒரு ஆப்-ஆம்பும் நான்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் கொண்ட எளிய வேறுபாட்டுப் பெருக்கி இருப்பதாகக் கொள்ளுங்கள். பொது மின்னழுத்தத்துக்கு அதன் ஒவ்வொரு முனையும் 20 கிலோ ஓமாகத் தெரியும். அனுப்பும் முனையில் ஒரு கம்பிக்கு 100 ஓம் மூல மின்தடையும் மற்றதற்குச் சுழியமும் இருக்கிறது என்றால், 1 வோல்ட் ரீங்காரம் இரண்டு கம்பிகளிலும் பொதுவாக ஏறும்போது ஒரு பக்கத்தில் மட்டும் 20,000க்கு 100 என்ற விகிதத்தில், அதாவது 0.5 விழுக்காடு, குறைந்துவிடுகிறது. வெளியீட்டில் 5 மில்லிவோல்ட் ரீங்காரம் தங்கிவிடும். ரெசிஸ்டர்கள் நான்கும் துல்லியமாகப் பொருந்தியிருந்தாலும் இதுவே நிலை. இரண்டாவது கம்பிக்கும் 100 ஓம் கொடுத்துவிட்டால் அந்த 5 மில்லிவோல்ட் மறைந்துவிடும். இந்தக் கணக்கு முழுவதிலும், கம்பிகளில் என்ன சிக்னல் ஓடுகிறது என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் தலைகீழ் அலை வீணா என்றால், அதுவும் இல்லை. அதே மின்வழங்கியில் இரு மடங்கு ஊசலாட்டம் கிடைக்கிறது. கேபிளிலிருந்து வெளியே கசியும் புலம் பெருமளவு குறைகிறது. இரு பக்கச் சுற்றுகளும் ஒத்திருந்தால் இரட்டைப்படை ஒத்திசைத் திரிபுகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இவையெல்லாம் தனி நன்மைகள்.

மிக எளிதாக மாற்ற என்ன வழி?

மேலே சொன்னதன் நேரடி விளைவாக, ஒரே ஒரு கூடுதல் ரெசிஸ்டர் போதும். உங்கள் ஆப்-ஆம்பின் வெளியீட்டில் 100 ஓம் தொடராக வைத்து அதை முதல் கம்பிக்குக் கொடுங்கள். இரண்டாவது கம்பியை, அனுப்பும் பலகையின் கிரவுண்டுக்கு மற்றொரு 100 ஓம் வழியாக இணையுங்கள். இரண்டு கம்பிகளையும் முறுக்கி, மேலே கவசம் போட்டு, மறுமுனையில் டிஃபரென்ஷியல் உள்ளீட்டில் மாட்டுங்கள். இரண்டாவது கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும் ரீங்காரம் நீங்கும். சில மிக்சர்களின் வெளியீடுகளும் இவ்வாறே அமைந்துள்ளன. 'இது ஏமாற்று வேலை' என்று சொல்பவர்கள் உண்டு. ஒலிச் சிக்னலை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அனுப்புவதற்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து.

இரண்டு ஆப்-ஆம்ப்களை வைத்து முழுமையாகச் செய்வது எப்படி?

ஒரே சில்லில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் கொண்ட என்.இ.5532 இதற்கு ஏற்றது. முதல் ஆப்-ஆம்பை பஃபராக இணையுங்கள். அதன் வெளியீடு உள்ளீட்டை அப்படியே பின்பற்றும். அந்த வெளியீட்டை 10 கிலோ ஓம் வழியாக இரண்டாவது ஆப்-ஆம்பின் இன்வெர்ட்டிங் முனைக்குக் கொண்டுசென்று, பின்னூட்டத்துக்கும் 10 கிலோ ஓம் வையுங்கள். அதன் பெருக்கம் மைனஸ் 1. இரு வெளியீடுகளிலும் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைக்க மறவாதீர்கள். நீண்ட கேபிளின் மின்தேக்குத் திறன் ஆப்-ஆம்பை அலைவுறச் செய்யாமலும், யாராவது தவறுதலாக ஒரு கம்பியைக் கிரவுண்டில் தொட்டுவிட்டால் சில்லு தாங்கும்படியும் காப்பவை அவைதாம்.

உள்ளீடு பிளஸ் 1 வோல்ட்டாக இருக்கும்போது வெளியீடுகள் பிளஸ் 1, மைனஸ் 1 ஆகும். வேறுபாடு 2 வோல்ட். அதாவது நீங்கள் கேட்காமலேயே 6 டெசிபல் பெருக்கம் சேர்ந்துவிடுகிறது. ஏ.டி.சி.யின் (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் சில்லு) உள்ளீடு திடீரென்று நிரம்பிவிட்டது என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இன்வெர்ட்டரின் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் ஒரு விழுக்காடு பிசகியிருந்தால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. எதிர் அலை சற்றுச் சிறியதாகவோ பெரியதாகவோ ஆகும், அவ்வளவே. வெளியீட்டின் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களும் ஒரு விழுக்காட்டு வகையே போதும்: அவற்றுக்கிடையே அதிகபட்சம் 2 ஓம் வேறுபாடுதான் வரும், 20 கிலோ ஓமுக்கு எதிரே அது 10,000இல் ஒரு பங்கு.

துல்லியம் அப்போது எங்கேதான் தேவை?

பெறும் முனையில். நான்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கொண்ட அதே வேறுபாட்டுப் பெருக்கியில், ஒவ்வொன்றும் ஒரு விழுக்காட்டுப் பிசகின் மோசமான பக்கத்தில் அமைந்துவிட்டால், பொது இரைச்சல் 50இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். அது 34 டெசிபல். 0.1 விழுக்காட்டு ரெசிஸ்டர்களுக்கு மாறினால் 500இல் ஒரு பங்கு, 54 டெசிபல். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடையில் ரெசிஸ்டர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பதை விட, உள்ளேயே லேசரால் சீர்செய்த ரெசிஸ்டர்கள் கொண்ட ஐ.என்.ஏ.134 போன்ற சில்லை வாங்கிவிடுவது நல்லது. தொடக்கநிலையாளர் பலர் அனுப்பும் முனைக்குத் துல்லிய ரெசிஸ்டர்களை வாங்கிப் போட்டுவிட்டு, பெறும் முனையில் கையில் கிடைத்ததைச் சாலிடர் செய்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது.

என்னிடம் பிளஸ்-மைனஸ் மின்வழங்கி இல்லை, 5 வோல்ட் மட்டுமே உள்ளது. என்ன செய்வது?

நடுப்புள்ளி ஒன்றை உருவாக்க வேண்டும். இரண்டு சம ரெசிஸ்டர்களால் 5 வோல்ட்டைப் பகுத்து, மின்தேக்கியால் நிலைப்படுத்தி, முடிந்தால் பஃபர் ஒன்றையும் சேர்த்து 2.5 வோல்ட்டைப் பெறுங்கள். உள்ளே வரும் சிக்னலை 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகக் கொண்டுவந்து, 100 கிலோ ஓமால் அந்த 2.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். இந்த இணை 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை மட்டுமே தடுக்கும் என்பதால் ஒலிக்குக் குறைவு வராது. இரண்டாவது ஆப்-ஆம்பின் நான்-இன்வெர்ட்டிங் முனையைக் கிரவுண்டுக்குப் பதிலாக இதே 2.5 வோல்ட்டில் இணைத்தால், பஃபர் 3.0 வோல்ட்டுக்கு ஏறும்போது இன்வெர்ட்டர் சரியாக 2.0 வோல்ட்டுக்கு இறங்கும்.

டி.எல்.072, என்.இ.5532 போன்ற பழைய சில்லுகள் 5 வோல்ட்டில் ஒழுங்காக இயங்குவதில்லை. எம்.சி.பி.6002 போல மின்வழங்கியின் இரு எல்லைகள் வரையிலும் ஊசலாடக்கூடிய வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மின்மாற்றியால் என்ன கூடுதல் பயன்?

முதன்மைச் சுருளின் ஒரு முனையில் சிக்னலையும் மறுமுனையில் கிரவுண்டையும் கொடுத்து, இரண்டாம் சுருளின் இரு முனைகளையும் இரண்டு கம்பிகளாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே செய்முறை முழுவதும். மின்வழங்கி தேவையில்லை, இரு பக்கங்களுக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லாததால் எர்த் வளையம் அடியோடு அறுபடுகிறது. திருமண மண்டபத்தில் டி.ஐ. பாக்ஸ் செய்ததும் இதையே. மாறாத மின்னழுத்தம் இதன் வழியே செல்லாது என்பதால் எல்.எம்.35 போன்ற சென்சாருக்கு இது உதவாது. நல்ல ஆடியோ மின்மாற்றியின் விலையும் கனம்தான்.

ஏ.டி.சி.க்கு அனுப்ப வேண்டும் என்றால்?

டிஃபரென்ஷியல் உள்ளீடு கொண்ட வேகமான ஏ.டி.சி.களுக்கு, இரண்டு வெளியீடுகளையும் தன்னகத்தே கொண்ட முழு டிஃபரென்ஷியல் பெருக்கியைப் பயன்படுத்துவதே வழக்கம், டி.எச்.எஸ்.4551 அத்தகைய ஒன்று. வெளியீடுகளின் சராசரி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இதில் தனியே ஒரு பின் உண்டு. அதில் 2.5 வோல்ட் கொடுத்து, நான்கு ரெசிஸ்டர்களையும் 1 கிலோ ஓமாக வைத்து, ஒரு பக்க உள்ளீட்டு ரெசிஸ்டரின் முனையைக் கிரவுண்டில் இணைத்துவிட்டு மறுபக்கம் சிக்னலைக் கொடுங்கள். உள்ளீடு பிளஸ் 1 வோல்ட் என்றால் வெளியீடுகள் 3.0, 2.0, மைனஸ் 1 வோல்ட் என்றால் 2.0, 3.0. சிக்னல் கிரவுண்டுக்குக் கீழே சென்றபோதும் சில்லின் உள்ளீட்டுப் பின்கள் 1.0 முதல் 1.5 வோல்ட் வரை மட்டுமே ஆடுகின்றன என்பதால் ஒற்றை 5 வோல்ட்டிலேயே இது இயங்கும். காகிதத்தில் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, பத்து விளக்கப் படங்களைப் பார்ப்பதை விடப் பயன் தரும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளீட்டு ரெசிஸ்டர் 1 கிலோ ஓமாக இருப்பதால் மூலத்துக்குத் தெரியும் மின்எதிர்ப்பும் 1 கிலோ ஓம் என்று நினைப்பார்கள். பெருக்கியின் உள்ளீட்டுப் பின் அசையாமல் நிற்பதில்லை, சிக்னலின் திசையிலேயே கால் பங்கு அசைகிறது. ஆகவே மூலம் காண்பது 1,333 ஓம். 50 ஓம் மூலத்துக்குப் பொருத்தம் செய்ய வேண்டுமென்றால், இதற்கு இணையாகக் கிரவுண்டுக்கு 52 ஓம் வைக்க வேண்டும். 50 ஓமும் 52 ஓமும் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 25.5 ஓம் ஆவதால், கிரவுண்டில் இணைத்த மறுபக்கத்திலும் அதே 25.5 ஓமைத் தொடராகச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கப் பின்னூட்டங்களும் வேறுபட்டு, வெளியீட்டில் பிழை தலைகாட்டும்.

ஏ.டி.எஸ்.1115 என்ற ஏ.டி.சி.யின் கழித்தல் முனையைக் கிரவுண்டில் இணைத்தால் போதாதா?

சென்சார் பக்கத்திலேயே இருந்தால் போதும். அப்போது அந்த 16 பிட் சில்லு சுழியத்திலிருந்து 32,767 வரையிலான எண்களை மட்டுமே பயன்படுத்தும். எதிர்மறைப் பாதி சும்மா கிடக்கும். 15 பிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: டிஃபரென்ஷியல் முறையில் எதிர்மறை எண் வரும் என்பதற்காக, எந்தப் பின்னையும் கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட்டுக்கு மேல் இறக்கக் கூடாது. எதிர்மறையாக இருக்கலாம் என்பது வேறுபாட்டைப் பற்றிய பேச்சு. தனித்தனிப் பின்களைப் பற்றியது அல்ல.

எடைக்கலம் எனப்படும் லோடு செல்லை வைத்திருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். அதிலுள்ள வீட்ஸ்டன் பாலம் இயல்பிலேயே டிஃபரென்ஷியல், எச்.எக்ஸ்.711 போன்ற சில்லுகள் அதை அப்படியே ஏற்கும்.

டிஜிட்டல் சிக்னலுக்கும் இதே சுற்றுதானா?

இல்லை, அதற்கென்றே தனிச் சில்லுகள் மலிவாகக் கிடைக்கின்றன. மோட்டார் என்கோடரின் 5 வோல்ட் சிக்னல்களை நீண்ட தூரம் அனுப்ப ஏ.எம்.26எல்.எஸ்.31 என்ற நான்கு வழி டிரைவரும், மறுமுனையில் அதன் இணையான ஏ.எம்.26எல்.எஸ்.32ம் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. மைக்ரோகண்ட்ரோலரின் சீரியல் சிக்னலுக்கு மேக்ஸ்485. 1983இல் வெளிவந்த ஆர்.எஸ்.-485 தரப்பாட்டில், பெறுநருக்கு 200 மில்லிவோல்ட் வேறுபாடு தெரிந்தாலே போதும். பொது மின்னழுத்தம் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை எங்கே இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். கேபிளின் இரு கடைமுனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். நடுவில் உள்ள கருவிகளுக்கு வைக்கக் கூடாது. இரு கம்பிகளுக்கும் வழங்கும் ஏ, பி என்ற பெயர்களைத் தயாரிப்பாளர்கள் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை; தகவல் குப்பையாக வந்தால் முதலில் கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள், அதனால் எதுவும் எரிந்துவிடாது.

இரண்டு கம்பி போட்ட பிறகு கிரவுண்டுக் கம்பி தேவையில்லைதானே?

பெரும்பாலான இடங்களில் தேவை. பெறும் சில்லு வேறுபாட்டை மட்டும் பார்த்தாலும், அதன் பின்கள் தாங்கும் எல்லைக்குள்தான் இரு கம்பிகளும் இருக்க வேண்டும். மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரை என்ற அந்த எல்லையும் பெறுநரின் கிரவுண்டை வைத்து அளந்ததே. கிரவுண்டுக் கம்பியை விட்டுவிட்டால் இரண்டு கருவிகளுக்கிடையே எத்தனை வோல்ட் மிதக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்கால இடி நாளில் அது சில்லுடன் சேர்த்து உங்களுக்கும் தெரியவரும். மின்மாற்றியாலோ, ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் ஆப்டோ-கப்ளராலோ தனிமைப்படுத்திய சுற்றுகள் மட்டுமே இதற்கு விலக்கு.

மாற்றும் சுற்றை எந்த முனையில் வைப்பது? ஏற்கெனவே கலந்த இரைச்சல் நீங்குமா?

நீங்காது. கேபிளில் 25 மீட்டர் பயணம் செய்து ரீங்காரத்தோடு வந்த சிக்னலை மிக்சரின் வாசலில் டிஃபரென்ஷியலாக மாற்றினால், ரீங்காரமும் சேர்ந்து அழகாக டிஃபரென்ஷியலாகும். ஆகவே மாற்றும் சுற்று மூலத்தின் பக்கத்திலேயே, கேபிள் தொடங்குவதற்கு முன் இருக்க வேண்டும்.

ஆசிலாஸ்கோப்பில் எப்படிப் பார்ப்பது?

புரோபின் முனையை ஒரு கம்பியிலும் கிரவுண்டுக் கிளிப்பை மற்றொரு கம்பியிலும் மாட்டாதீர்கள். மேசை ஆசிலாஸ்கோப்பின் கிளிப் உள்ளே எர்த்தோடு இணைந்தது; உங்கள் சுற்றும் எர்த் பெற்றிருந்தால் இரண்டாவது வெளியீட்டை நேராகக் கிரவுண்டில் குறுக்கிணைத்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு புரோப்களின் கிளிப்களையும் சுற்றின் கிரவுண்டில் மாட்டி, முதல் சேனலை ஒரு கம்பியிலும் இரண்டாவதை மற்றதிலும் வைத்து, கணிதப் பட்டியலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு கழித்தலைக் கூட்டலாக மாற்றிப் பாருங்கள்: திரையில் தங்கும் அலையில் பாதிதான் உங்கள் பொது மின்னழுத்தம்.

டிஃபரென்ஷியல் வெளியீட்டைச் சாதாரண உள்ளீட்டில் மாட்ட நேர்ந்தால் இரண்டாவது கம்பியை என்ன செய்வது?

அது எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மின்மாற்றி என்றால் கிரவுண்டில் இணைத்துவிடலாம். இணைக்காவிட்டால் சிக்னலே ஒழுங்காக வராது. மேலே சொன்ன இரண்டு ஆப்-ஆம்ப் சுற்று என்றால் இணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, முதல் கம்பியையும் கிரவுண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 டெசிபல் குறையும், வேறு தீங்கில்லை. டி.ஆர்.வி.134 போன்ற சில்லுகள் மின்மாற்றியைப் போலவே நடந்துகொள்ளும்படி உள்ளே குறுக்குப் பின்னூட்டத்துடன் அமைக்கப்பட்டவை என்பதால், அவற்றில் ஒரு கம்பியைக் கிரவுண்டில் இணைக்கலாம். இணைப்பதைச் சில்லு இருக்கும் முனையிலேயே செய்யுங்கள்.